தீம் பார்க் போக எவ்ளோ பிளான் போடணும், பிளான் போடறத எங்க நிறுத்தணும்

ஏப்ரல் பொறந்தா போதும், எங்க தெரு பசங்க "இந்த வருஷம் எங்க இட்டுனு போற அக்கா"ன்னு கேக்க ஆரம்பிச்சிடும். தண்டையார்பேட்டைல எங்க தெருவுல இருந்து ஆறு குடும்பம், கிட்டத்தட்ட இருபத்திரெண்டு பேர், வருஷத்துக்கு ஒரு தடவ வேன் போட்டு தீம் பார்க் போறோம், கொரோனா டைம் தவிர ஒரு வருஷமும் விட்டதில்ல. வேன் பேசறதுல இருந்து கடைசில கணக்கு முடிக்கற வரைக்கும் என் பொறுப்பு. கொஞ்ச நாளாவே நெறைய பேர் என்கிட்ட கேக்கற கேள்வி, ஒரு நாள் சந்தோஷமா இருந்துட்டு வர்றதுக்கு எதுக்கு இவ்ளோ பிளானிங், முன்னாடிலாம் இப்படியா இருந்துச்சுன்னு. அவங்க கேக்கறது நியாயம். ஜாஸ்தி தான் ஆயிடுச்சு. ஆனா ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு பிளானே போடாம போனாலும் மாட்டிப்போம், எல்லாத்தையும் மணிக்கணக்கா பிளான் போட்டாலும் அந்த நாளே வீணாப்போவும், ரெண்டையும் நான் பாத்துட்டேன். அதனால எத கட்டாயம் முன்னாடியே முடிக்கணும், எத தொடவே கூடாதுன்னு நான் கத்துக்கிட்டத எழுதறேன்.

எங்க அப்பாவுக்கு ஹார்பர்ல வேலை. ஞாயித்துக்கிழமை காலைல டீ குடிச்சிட்டு இருப்பாரு, திடீர்னு "கெளம்புங்க"ன்னுவாரு, அவ்ளோ தான், அம்மா புளிசாதம் கிளறி தூக்குல போட்டா பாரிஸ் கார்னர்ல பஸ் மாறி விஜிபி தீம் பார்க் போயிடுவோம். வாசல்ல சிலை மாதிரி அசையாம நிக்கற மனுஷன சிரிக்க வைக்க நானும் தம்பியும் அரை மணி நேரம் முயற்சி பண்ணுவோம், டிக்கெட்ட அப்பவே கவுண்டர்ல தான் வாங்குவோம். தீவுத்திடல் பொருட்காட்சிக்கும் அப்படித்தான், உள்ள போயி ஜெயண்ட் வீலுக்கு ஒரு டிக்கெட், கொலம்பஸுக்கு ஒரு டிக்கெட், கையில காசு இருக்கற வரைக்கும் ஏறுவோம், முடிஞ்சா டெல்லி அப்பளம் வாங்கிக்கிட்டு நடந்து வந்துடுவோம். அமெரிக்காவுல 1955ல தொறந்த டிஸ்னிலேண்டும் ஆரம்பத்துல கிட்டத்தட்ட இப்படித்தான், ரைடுக்கு ரைடு டிக்கெட் கிழிச்சு குடுக்கற புஸ்தகம் வச்சிருந்தாங்க, ஏ, பி, சினு போயி பெரிய ரைடுக்கு ஈ டிக்கெட்னு பேரு, 1982ல தான் அந்த புஸ்தகத்த நிறுத்திட்டு ஒரே டிக்கெட்ல எல்லாம்னு ஆக்கினாங்க.

அந்த ஒரே டிக்கெட் வந்தப்புறம் காசு பிரச்சன போச்சு, வரிசை பிரச்சன வந்துச்சு. 1999ல டிஸ்னி ஃபாஸ்ட்பாஸ்னு ஒரு சீட்டு சும்மாவே குடுத்தாங்க, மெஷின்ல எடுத்துட்டு அந்த டைமுக்கு வந்தா சின்ன வரிசை. அதுவே அப்புறம் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுல ஆப்புக்கு மாறி, அவங்க ஹோட்டல்ல தங்கறவங்க 60 நாள் முன்னாடியே, மத்தவங்க 30 நாள் முன்னாடியே ரைடுக்கு நேரம் போடணும்னு ஆச்சு. 2021ல அதுக்கு காசு வச்சாங்க. 2024 ஜூலைல பேர லைட்னிங் லேன் மல்டி பாஸ்னு மாத்தி மறுபடியும் முன்பதிவு, ஹோட்டல்ல தங்கினா 7 நாள் முன்னாடி, வெளிய தங்கினா 3 நாள் முன்னாடி, முதல்ல மூணு ரைடு எடுத்து வைக்கலாம், ஒண்ணு முடிச்சா அடுத்தது. அங்க உள்ள உக்காந்து சாப்பிடற ஹோட்டலுக்கு 60 நாள் முன்னாடி புக் பண்ணணும், அதுவும் முன்ன 180 நாளா இருந்துச்சு.

என் சித்தி பொண்ணு ஃப்ளோரிடால நர்ஸா இருக்கா. போன வருஷம் அவ குடும்பம் போறப்ப, "அக்கா நீ தான் நிதானமா பாப்ப, வீடியோ கால்ல கூட இரு"ன்னா. அந்த ரைடு புக்கிங் அங்க காலைல 7 மணிக்கு தொறக்கும், வெயில் காலத்துல அது நமக்கு சாயந்தரம் நாலரை. நான் தம்புச்செட்டித் தெரு ஆபீஸ்ல பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி சரக்குக்கு கஸ்டம்ஸ்ல குடுக்கற பேப்பர்) ஃபைல ஓரமா வச்சிட்டு ஃபோன்ல ஒக்காந்தேன், அவ நைட் ஷிஃப்ட் முடிச்சு கண்ணு எரிய கார்ல ஒக்காந்திருந்தா. எந்த ரைடு முதல்ல, சின்னவன் உயரம் பத்துமா, ரெண்டு ரைடுக்கு நடுவுல நடக்க எவ்ளோ நேரம், இதெல்லாம் அவ ஒரு மாசமா நோட்டுல எழுதி வச்சிருக்கா. லீவு எடுக்கறதுக்கு முன்னாடி அவ செஞ்ச வேலை ஒரு ஆபீஸ் வேலைக்கு சமம், அதுக்கு யாரும் சம்பளம் தரல. வீட்ல இந்த வேலை எப்பவும் பொம்பள தலையில தான் வந்து விழுது, அது எனக்கு வலிக்குது.

இது ஏன் இப்படி ஆச்சுன்னு புரிஞ்சா தான் எங்க நிறுத்தணும்னு தெரியும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. திருப்பதிய நெனச்சுக்கோங்க. 300 ரூபா தரிசன டிக்கெட்ட மூணு மாசம் முன்னாடியே ஆன்லைன்ல விடறாங்க, தொறந்த கொஞ்ச நேரத்துலயே தீந்துடும். ஆனா சாமி முன்னாடி ஒரு மணி நேரத்துல எத்தன பேர் கடந்து போவ முடியுமோ அத்தன பேர் தான், டிக்கெட் வித்ததால கருவறை பெருசாகல. ரைடும் அதே தான். ஒரு கணக்குக்கு, ஒரு ரைடு மணிக்கு ஆயிரம் பேர ஏத்தும்னு வச்சுக்குங்க, அதுல எழுநூறு சீட்ட முன்பதிவு வரிசைக்கு குடுத்துட்டா சும்மா நிக்கற வரிசைக்கு முன்னூறு தான், அந்த வரிசை முன்ன நகர்ந்ததுல மூணுல ஒரு பங்கு வேகத்துல கூட நகராது. அப்ப பிளான் போட்டவங்களுக்கு கெடைக்கற நேரம் வானத்துல இருந்து வரல, பிளான் போட முடியாதவங்க கிட்ட இருந்து எடுத்தது. நிக்கறவங்க கஷ்டத்த பாத்து அடுத்த தடவ அவங்களும் பிளான் போடுவாங்க, இல்ல காசு குடுப்பாங்க. இப்படித்தான் வருஷா வருஷம் பிளானிங் ஏறுது.

நம்ம ரயில்வே ஒரு விஷயத்துல ரிவர்ஸ்ல வந்துச்சு பாருங்க, 2024 நவம்பர் 1ல இருந்து டிக்கெட் முன்பதிவ 120 நாள்ல இருந்து 60 நாளா குறைச்சாங்க, காரணம் 61ல இருந்து 120 நாளுக்குள்ள போட்ட டிக்கெட்ல 21 சதவீதம் கேன்சல் ஆகுதுன்னு அவங்களே சொன்னாங்க. நாலு மாசம் கழிச்சு வீட்ல என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்.

சரி, நம்ம ஊரு விஷயத்துக்கு வரேன். நல்ல சேதி என்னன்னா சென்னைல தீம் பார்க் போறது இன்னும் அவ்ளோ கொடுமைக்கு போகல. ஈசிஆர்னு சொல்ற கிழக்கு கடற்கரை சாலைல விஜிபி, முட்டுக்காடு பக்கம் எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டுல குயின்ஸ்லேண்ட், இப்ப 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல வொண்டர்லா தொறந்துட்டாங்க. வொண்டர்லாவுல வரிசை தாண்டற ஃபாஸ்ட்ராக் டிக்கெட் தனியா விக்கறாங்க, ஆனா ரைடுக்கு ரைடு நேரம் புக் பண்ண வேண்டியதில்ல. இந்த நாலுல எதுக்கு போனாலும் நீங்க முன்னாடியே முடிக்க வேண்டியது தேதி, காசு, வண்டி, உயரம், துணி. மிச்சத்த விட்டுடுங்க.

தேதி தான் பெரிய தலைவலி, இதுல தான் நேரம் செலவு பண்ணணும். எல்லாரும் "எல்லாருக்கும் எப்ப தோது"ன்னு குரூப்ல கேப்பாங்க, நூறு மெசேஜ் ஓடும், ஒண்ணும் முடியாது. நான் அப்படி கேக்கறதில்ல. குரூப்ல யாருக்கு லீவு எடுக்கறது ரொம்ப கஷ்டம்னு பாத்து அவங்க தேதிய முதல்ல வாங்கிடுவேன், மத்தவங்க அதுக்கு வளையணும். எங்க குரூப்ல அது என் கொழுந்தன். காசிமேட்ல விசைப்படகுல போறவரு, தங்கல்னு கடல்லயே தங்கி மீன் புடிக்க போனா எத்தன நாள் கழிச்சு வருவாருன்னு அவருக்கே தெரியாது. ஒரு வருஷம் பொங்கல் லீவுக்கு போட்டோம், அவரு படகு வரல, அவரு பசங்க ரெண்டும் அப்பா இல்லாம வேன்ல ஜன்னல் ஓரம் பேசாம ஒக்காந்து வந்துச்சுங்க, அத பாத்ததுல இருந்து எங்க தேதி மீன்பிடி தடைக்காலத்துல தான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போவாது. ஆரம்பத்துல வலை பின்ற வேலை, படகு பெயிண்ட் அடிக்கற வேலை இருக்கும், மே மாசம் கொஞ்சம் ஓய்வா இருப்பாங்க, பசங்களுக்கும் பரீட்சை முடிஞ்சிருக்கும். "அண்ணி, மே ரெண்டாவது வாரம் ஓகே"ன்னு அவரு சொன்னா தேதி முடிஞ்சுது.

உங்க வீட்ல அது வேற ஆளா இருக்கும், எண்ணூர்ல ஷிஃப்ட் பாக்கறவங்களா இருக்கலாம், மிண்ட்ல கடை வச்சிருக்கறவங்களா இருக்கலாம், டயாலிசிஸ் போற பாட்டியா இருக்கலாம். அவங்க நாள முதல்ல கேளுங்க.

வார நாளா பாருங்க, செவ்வா புதன்னா கூட்டம் நல்லாவே கம்மி. சில பார்க்குக்கு வார லீவு உண்டு, அத கேட்டுக்கோங்க. காணும் பொங்கல் அன்னிக்கு எந்த பார்க்குக்கும் போகாதீங்க, அந்த ஒரு நாள் முழு சென்னையும் வெளிய தான் இருக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழ, அப்ப போறதா இருந்தா ரெண்டு மூணு நாள் முன்னாடி வானிலை பாத்துட்டு தான் டிக்கெட்ட தொடணும். இத நான் காசு குடுத்து கத்துக்கிட்டேன். 2023 டிசம்பர்ல, முன்னாடியே போட்டா கம்மினு சொன்னாங்கன்னு ஒரு மாசம் முன்னாடியே ஒரு பார்க்ல இருபத்திரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டேன். மிக்ஜாம் புயல் வந்துச்சு. எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, கொருக்குப்பேட்டைல இருந்த ரெண்டு குடும்பத்துக்கு வீட்டுக்குள்ள தண்ணி, அரையாண்டு பரீட்சை தள்ளிப்போயி என் பொண்ணுக்கு கடைசி பரீட்சை நாங்க டிக்கெட் போட்ட அன்னிக்கே வந்து நின்னுது. ஃபோன் பண்ணி தேதி மாத்தி குடுங்கன்னு கேட்டேன், கெஞ்சி கூட கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. ஆறு வீட்டு காசு. அதுல ஒரு அக்கா வீட்டு வேலை செஞ்சு சேத்த காசு, அவங்க என்ன ஒரு வார்த்த சொல்லல, "விடும்மா, புயலுக்கு நீ இன்னா பண்ணுவ"ன்னாங்க. ஆனா எனக்கு ரொம்ப நாள் தூக்கம் வரல, அவங்க பங்க மட்டும் நான் தவணையில திருப்பி குடுத்தேன்.

அதுல இருந்து நான் வச்சிருக்கற பழக்கம், டிக்கெட் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி தான். ஆன்லைன்ல வாங்கினா கவுண்டர விட கம்மியா இருக்கற பார்க் நெறைய இருக்கு, அது சரி, அத விடாதீங்க, ஆனா ஒரு மாசம் முன்னாடி வாங்கறதால கூடுதலா மிச்சமாகற காசும் அந்த ஒரு மாசத்துல ஏதாவது ஆனா போற காசும் ஒண்ணு கெடையாது. காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் பாருங்க, தேதி மாத்த முடியுமா, முடியும்னா எத்தன நாள் முன்னாடி சொல்லணும். அது சின்ன எழுத்துல கீழ இருக்கும், அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. காலேஜ் பசங்க இருந்தா ஐடி கார்டுக்கு தள்ளுபடி குடுக்கற பார்க் இருக்கு, ஒரிஜினல் கார்டு கையில இருக்கணும், ஃபோட்டோவ காட்டினா சில எடத்துல ஒத்துக்க மாட்டாங்க.

அடுத்தது காசு. தடைக்காலத்துல படகுக்காரங்க வீட்ல நேரம் இருக்கும், பணம் இருக்காது, அதனால பொங்கல் முடிஞ்ச வாரமே சின்னதா ஒரு சேமிப்பு சீட்டு ஆரம்பிச்சிடுவோம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு வாரம் 400 ரூபா, 16 வாரம், 6,400 ஆச்சு, டிக்கெட், வேன் பங்கு, உள்ள ஒரு வேளை சாப்பாடு அதுக்குள்ள வந்துடும். ஒரு வாரம் முடியலன்னா அடுத்த வாரம் சேத்து குடுக்கலாம், யாரையும் குரூப்ல பேர் போட்டு கேக்கறதில்ல, தனியா தான் கேப்பேன். பணம் ஒருத்தர் கையில, நோட்டு இன்னொருத்தர் கையில இருக்கணும். இதுல ஒரு பெரிய நன்மை, வாரா வாரம் அம்மா காசு குடுக்கறத பாத்து பசங்களுக்கு அந்த ட்ரிப்போட அருமை தெரியுது, எங்க வீட்டு சின்னது பாக்கெட் மணில பத்து ரூபா கொண்டாந்து குடுக்கும். அது பிளானிங் மாதிரி இல்ல, காத்திருக்கறதே ஒரு சந்தோஷம் தான்.

வண்டி. தண்டையார்பேட்டைல இருந்து திருப்போரூர் பக்கம் போக அம்பது கிலோமீட்டருக்கு மேல ஆகும், வடசென்னைல இருந்து தென்கோடிக்கு போறோம், இத மத்த ஏரியா ஆளுங்க எழுதற டிப்ஸ்ல யாரும் கணக்குல எடுக்கறதில்ல. காலைல ஆறு மணிக்கு வேன் நகர்ந்துடணும். ஆறரை ஆனா ராஜாஜி சாலை பரவால்ல, ஆனா அடையாறு போறப்போ ஆபீஸ் கூட்டம் பிடிச்சுக்கும், ஓஎம்ஆர்ல, அதாவது பழைய மகாபலிபுரம் ரோட்டுல, மெட்ரோ வேலை நடக்கற எடத்துல எல்லாம் நத்த மாதிரி தான் போகணும். நாங்க பீச் ரோடு புடிச்சு ஈசிஆர்ல போயி கோவளத்துல கேளம்பாக்கம் பக்கம் திரும்பிடுவோம். வேனுக்கு பாதி தான் அட்வான்ஸ், டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா யாரோடதுன்னு அன்னிக்கே பேசிடுங்க. டிரைவருக்கும் சாப்பாடு நம்மளோடயே, அவரு நம்ம வீட்டு பசங்கள ராத்திரி திருப்பி கொண்டாறவரு.

நாலு பேரா போறவங்களுக்கு வேன் வேணாம், பீச் ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறி திருவான்மியூர்ல எறங்கினா ஓஎம்ஆர் அங்கயே, கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் போற பஸ் கெடைக்கும். செலவு ரொம்ப கம்மி. திரும்பறப்ப ஈரத் துணியோட ரெண்டு வண்டி மாறணும், கைக்கொழந்த இருந்தா அத யோசிச்சுக்கோங்க.

உயரத்த வீட்லயே அளந்துடுங்க. நெறைய பார்க்ல கொழந்த டிக்கெட்டா பெரியவங்க டிக்கெட்டான்னு வயச பாக்கறதில்ல, உயரத்த தான் பாக்கறாங்க. பெரிய ரைடுக்கு 120, 140 சென்டிமீட்டர்னு கோடு போட்டு வச்சிருப்பாங்க, பசங்க ஒரு மணி நேரம் வரிசைல நின்னு கிட்ட போனதும் நீ ஏற முடியாதுன்னா அந்த மொகத்த பாக்க முடியாது. எங்க வீட்டு கதவு பக்கத்துல செவத்துல பென்சில்ல கோடு போட்டிருக்கேன், போறதுக்கு முந்தின வாரம் தெரு பசங்க எல்லாத்தையும் செருப்பு இல்லாம நிக்க வச்சு அளந்து, யாரு எதுல ஏறலாம்னு அன்னிக்கே சொல்லிடுவேன். அழுதா வீட்லயே அழுதுட்டு முடிஞ்சிடும்.

துணி விஷயம் பொம்பளைங்க கவனிங்க. தண்ணி ரைடுல காட்டன், பொடவ, துப்பட்டா விட மாட்டாங்க, நைலான் பாலியஸ்டர் தான், அது பாதுகாப்புக்கு தான், துப்பட்டா மாட்டினா உயிருக்கே ஆபத்து. பார்க் வாசல்ல வாங்கினா விலை ஜாஸ்தி, முந்தின வாரமே பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல போயி முழுக்கை டிராக் டீசர்ட்டும் லெக்கிங்ஸும் வாங்கிடுங்க, நீச்சல் டிரஸ் தான் வேணும்னு இல்ல. எங்க அத்தைக்கு அறுபத்தஞ்சு வயசு, இத்தன வருஷம் பொடவையோட கரையில ஒக்காந்து பைய பாத்துக்கிட்டு இருந்தவங்க. போன வருஷம் அவங்களுக்கு கருப்பு கலர்ல ஒரு செட்டு எடுத்து குடுத்தேன், வெக்கப்பட்டாங்க, அப்புறம் அலை குளத்துல மூணு மணி நேரம் வெளியவே வரல. ராயபுரத்துல பொறந்து கடல பாத்தே வளந்தவங்க, வாழ்க்கைல முதல் தடவ தண்ணில ஆடினாங்க. பைய நாங்க மாத்தி மாத்தி பாத்துக்கிட்டோம். லாக்கர் இருக்கு, ஒரு லாக்கர் எடுத்தா மூணு குடும்பத்துக்கு பத்தும்.

சாப்பாடு வெளியில இருந்து உள்ள விட மாட்டாங்க, கொழந்த சாப்பாடும் மருந்தும் மட்டும் தனியா காட்டி கேளுங்க. காலைல வேன்லயே பொடி தடவின இட்லி, போற வழில ஒரு எடத்துல நிறுத்தி வயிறு நெறைய சாப்பிட்டுட்டு உள்ள போங்க. மதியம் உள்ள வாங்கி சாப்பிடறது, ரெண்டு மணிக்கு மேல போனா வரிசை இருக்காது. ராத்திரிக்கு தக்காளி சாதம் வேன்லயே இருக்கும்.

இப்ப எத பிளான் போடக் கூடாதுன்னு சொல்றேன், எனக்கு இது தான் முக்கியம். உள்ள போன அப்புறம் எந்த ரைடு எத்தன மணிக்குன்னு எழுதாதீங்க. ஒரு வருஷம் நான் எழுதினேன், மேப்ப பிரிண்ட் எடுத்து, பத்து மணிக்கு இது, பத்தே முக்காலுக்கு அதுன்னு. பதினொரு மணிக்கு ஒரு கொழந்த பாத்ரூம் போச்சு, ரெண்டு பேர் ஐஸ்க்ரீம் வாங்க நின்னாங்க, நான் வாட்ச்ச பாத்து கத்திக்கிட்டே இருந்தேன். மத்தியானம் என் பையன் வந்து "அம்மா, இன்னிக்கும் ஸ்கூல் மாதிரியே இருக்கு"ன்னான். அந்த பேப்பர அங்கயே கிழிச்சு போட்டுட்டேன்.

அதுக்கு பதிலா நாங்க பண்றது, வேன்லயே ஒவ்வொரு கொழந்தையும் கட்டாயம் ஏறணும்னு நெனைக்கற ஒரு ரைடு சொல்லணும், ஒண்ணு தான். அதுல நெறைய பேர் சொன்ன ரைடுக்கு கேட் தொறந்ததும் நேரா போயிடணும், அந்த முதல் ஒரு மணி நேரம் தான் வரிசை கம்மி, வாசல் பக்கத்துல இருக்கற ரைடுல எல்லாரும் நிப்பாங்க, நீங்க கடைசி வரைக்கும் நடந்து போயிடுங்க. மத்தவங்க சொன்னத சாயந்தரத்துக்குள்ள எப்ப வேணா முடிக்கலாம். தண்ணி ரைடு பகுதிய சில பார்க்ல மத்த ரைடுக்கு முன்னாடியே மூடிடுவாங்க, அது எத்தன மணின்னு மட்டும் உள்ள போறப்பவே கேட்டுக்கோங்க. கத்திரி வெயில்ல போறதால பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் தண்ணிலயோ நெழல்லயோ தான் இருக்கணும், தரை கொதிக்கும், செருப்பு கழட்டற எடத்துல பசங்க கால் பொத்துப் போவும். இருபத்திரெண்டு பேரும் ஒண்ணாவே சுத்தாதீங்க, நாலு அஞ்சு பேரா பிரிஞ்சிடுங்க, ஒவ்வொரு குழுவுலயும் ஃபோன் வச்சிருக்கற பெரியவங்க ஒருத்தர், ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் ஒரே எடத்துல தலை எண்ணறது. அவ்ளோ தான் டைம் டேபிள்.

ஃபாஸ்ட்ராக் வாங்கலாமான்னு கேப்பீங்க. வார நாள்ல போனா வேணாம், அந்த காசுக்கு இன்னொரு ஆள கூட்டிட்டு வரலாம். ஒரே ஒரு நாள் தான் லீவு, அதுவும் ஞாயித்துக்கிழமை தான் முடியும்னு இருக்கறவங்க வாங்கினா தப்பில்ல, அவங்க நேரத்துக்கு வேற வழி இல்ல.

வெளிநாட்டுக்கு போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், எங்க தெருவுலயே இப்ப பசங்க சிங்கப்பூர் துபாய்னு வேலைக்கு போயி அம்மா அப்பாவ கூப்பிடறாங்க. முதல் தடவ போறவங்களுக்கு சிங்கப்பூர் சென்டோசாவுல இருக்கற யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போதும், ஒரே நாள்ல நடந்து முடிக்கற அளவு தான், தேதி போட்டு டிக்கெட் எடுத்தா முடிஞ்சுது. ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டு அப்படி இல்ல, நாலு தனித்தனி தீம் பார்க், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள், அங்க பிளான் இல்லாம போனா வரிசைலயே நாள் போயிடும். போறதா இருந்தா ஒரு நாளைக்கு மூணு ரைடு மட்டும் ஆப்ல எடுத்துட்டு, சாப்பாட்டு புக்கிங்க விட்டுடுங்க, கவுண்டர்ல வாங்கற சாப்பாட்டுக்கு அறுபது நாள் முன்னாடி யாரும் கேக்க மாட்டாங்க. நடுவுல ஒரு நாள் எங்கயும் போகாம ரெஸ்ட் வைங்க. என் சித்தி பொண்ணுக்கும் அததான் சொன்னேன், அவ அந்த ரெஸ்ட் நாள்ல பசங்களோட மதியம் வரைக்கும் தூங்கினத தான் ட்ரிப்லயே நல்ல நாள்னு சொன்னா. முக்கியமா, நோட்டு எழுதற வேலைய வீட்டு ஆம்பளைங்களும் பிரிச்சுக்கணும், தேதி ஒருத்தர் பாத்தா டிக்கெட் இன்னொருத்தர் பாக்கணும். எங்க வீட்டுக்காரர் கிட்ட வேன், டிரைவர், ரூட்டு மூணையும் விட்டுட்டேன், இப்ப நான் அந்த பக்கம் எட்டிக்கூட பாக்கறதில்ல.

திரும்பறப்ப ஏழு மணிக்குள்ள வேன் ஏறிடணும். லேட் ஆனா நம்ம பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கும், சூர்யநாராயணா ரோடு தாண்டவே ஒரு மணி நேரம் போயிடும். பசங்க தூங்கிடும், ஈரத் துணிய தனி கவர்ல போட்டு வேன் பின்னாடி வச்சிடுங்க, இல்லன்னா சீட்டு நனஞ்சு டிரைவர் பாவம் மறுநாள் கழுவிக்கிட்டு இருப்பாரு. பாரிஸ் தாண்டறப்போ பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை தொறந்திருந்தா பெரியவங்க மட்டும் எறங்கி ஆளுக்கு ஒரு பிளேட் சாப்பிடுவோம், அது எந்த லிஸ்ட்லயும் இல்ல, யாராவது ஒருத்தர் "நிறுத்துப்பா"ன்னு சொல்லணும், அப்ப தான் நிறுத்துவோம். வீட்டுக்கு வந்ததும் எவ்ளோ டயர்டா இருந்தாலும் அன்னிக்கு ராத்திரியே கணக்கு எழுதி குரூப்ல போட்டுடுங்க, மிச்சம் இருந்தா தலைக்கு எவ்ளோன்னு பிரிச்சு மறுநாள் காலைல கையில குடுத்துடுங்க. போன வருஷம் தலைக்கு 60 ரூபா மிச்சம் வந்துச்சு.